கெமிஸ்ட்ரியும் பிசினஸும் சேர்த்துப் படிக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பி.எஸ்சி. வேதியியல் முடித்து, இரண்டு வருடம் ஒரு ஆய்வகத்தில் பியூரெட்டும் பிப்பெட்டுமாக இருந்துவிட்டு, அப்புறம் எம்.பி.ஏ. படித்து, இப்போது சாயப்பட்டறைகளுக்கும் தோல் தொழிற்சாலைகளுக்கும் கெமிக்கல் விற்கிறேன். மே மாதம் பிளஸ் டூ முடிவு வந்ததும் என் போன் ஓயாது. சொந்தக்காரப் பிள்ளைகள், படித்த கல்லூரியின் ஜூனியர்கள், அவர்களுடைய அப்பா அம்மா என்று ஆள் மாறும், கேள்வி மாறாது. கேட்டவர்கள் கேட்ட பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

"அண்ணா, கெமிஸ்ட்ரியும் பிசினஸும் சேர்ந்த டிகிரின்னு ஒண்ணு நிஜமாவே இருக்கா?"

இருக்கிறது, ஆனால் பெரும்பாலும் வெளிநாட்டில். ஜெர்மனியில் 'விர்ட்ஷாஃப்ட்ஸ்கெமி' என்று தனிப் படிப்பே உண்டு. பொருளியலும் வேதியியலும் கலந்த பெயர் அது. பிரிட்டனில் 'கெமிஸ்ட்ரி வித் மேனேஜ்மென்ட்' போன்ற பெயர்களில் பார்க்கலாம். நம் ஊரில் அந்தப் பெயர்ப் பலகையைத் தேடி அலைய வேண்டாம். இங்கே வழி இரண்டு படி: முதலில் பி.எஸ்சி. வேதியியல் அல்லது பி.டெக். கெமிக்கல், அதன் மேல் எம்.பி.ஏ. நான் வந்ததும் அப்படித்தான்.

"ரெண்டையும் ஒரே ஆள் ஏன் படிக்கணும்? கம்பெனியில ஒரு கெமிஸ்ட், ஒரு எம்.பி.ஏ.ன்னு வெச்சுக்கிட்டாப் போதாதா?"

இதற்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். ஒரு ஆலையின் கழிவுநீரில் 98 கிலோ சல்ஃப்யூரிக் அமிலம் இருக்கிறது, நடுநிலையாக்க வேண்டும். காஸ்டிக் சோடா என்றால் 80 கிலோ போதும். சோடா ஆஷ் என்றால் 106 கிலோ. நீற்றிய சுண்ணாம்பு என்றால் 74 கிலோ. பர்சேஸில் இருப்பவர் மூன்றின் கிலோ விலையையும் பார்த்துவிட்டு, "சுண்ணாம்புதான் மலிவு, அதுவே போதும்" என்பார். விலைப்பட்டியல்படி அவர் சொல்வது சரிதான்.

ஆனால் சுண்ணாம்பு போட்டால் ஜிப்சம் விழும். இந்தக் கணக்குக்கு 172 கிலோ, அதுவும் காய்ந்த எடை. நிஜத்தில் அது ஈரச் சேறாக வரும், எடை இன்னும் கூடும். அதை வடிகட்டி, மூட்டை பிடித்து, லாரி ஏற்றி, அப்புறப்படுத்தக் காசு கொடுக்க வேண்டும். சரி, காஸ்டிக்குக்கே போகலாம் என்றால், சேறு வராது. 142 கிலோ சோடியம் சல்ஃபேட் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும். திருப்பூர் மாதிரி ஒரு சொட்டுக் கழிவுநீரையும் வெளியே விடக்கூடாத இடத்தில், அந்த உப்பை ஆவியாக்கிப் பிரிக்கும் செலவு சுண்ணாம்புச் சேற்றையே தேவலை என்று சொல்ல வைக்கும். சோடா ஆஷிலும் அதே உப்புதான். போதாததற்குக் கார்பன் டை ஆக்சைடு நுரைத்துக்கொண்டு வரும், தொட்டியில் இடம் விட்டுத்தான் ஊற்ற வேண்டும்.

வினையை எழுதத் தெரிந்தவருக்கு லாரி வாடகை தெரியாது. வாடகை தெரிந்தவருக்கு 172 எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இருவரும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம்தான். நான் பார்த்த கம்பெனிகளில் அப்படி உட்கார்வது பெரும்பாலும் பில் வந்த பிறகுதான்.

"நான் பிளஸ் டூவுல காமர்ஸ் குரூப். இந்தப் பக்கம் வர முடியுமா?"

பி.எஸ்சி. வேதியியலுக்குப் பிளஸ் டூவில் வேதியியல் படித்திருக்க வேண்டும். அதனால் அந்தக் கதவு மூடிவிட்டது. இதை நேராகச் சொல்லிவிடுவது நல்லது. "எப்படியாவது சேர்த்துவிடலாம்" என்று யாராவது பணம் கேட்டால் நம்ப வேண்டாம்.

ஆனால் பி.காம். படித்துவிட்டுக் கெமிக்கல் வியாபாரத்தில் நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும். கெமிக்கல் கம்பெனிகளின் காஸ்டிங் வேலைக்கு சி.எம்.ஏ. (செலவுக் கணக்கியல் படிப்பு) நல்ல வழி. ஆண்டு விற்றுமுதல் 35 கோடி ரூபாயைத் தாண்டும் பல வேதிப்பொருள் தயாரிப்பாளர்கள் செலவுக் கணக்கேடுகளைத் தனியாகப் பராமரிக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. அந்த ஏட்டை எழுதுபவர் 'யீல்டு' (வரவேண்டிய சரக்கில் எத்தனை சதவீதம் நிஜமாகக் கைக்கு வந்தது) என்றால் என்ன என்று கற்றுக்கொள்ளாமல் தப்பிக்க முடியாது.

"பி.எஸ்சி. கெமிஸ்ட்ரியும் பி.டெக். கெமிக்கலும் ஒண்ணுதானே சார்?"

இல்லை. பி.எஸ்சி.யில் மூலக்கூறு எப்படி நடந்துகொள்கிறது என்று படிக்கிறீர்கள். பி.டெக்.கில் அதே வினையை ஐந்தாயிரம் லிட்டர் ரியாக்டரில் நடத்தினால் வெப்பம் எங்கே போகும், பம்ப் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று படிக்கிறீர்கள். ஆலைக்குள் உற்பத்தி, புராஜெக்ட் வேலை வேண்டும் என்றால் பி.டெக். மேல். பொருளை விற்பது, வாங்குவது, சோதிப்பது, சட்ட ஆவணம் தயாரிப்பது என்றால் பி.எஸ்சி. குறைச்சல் இல்லை. எம்.பி.ஏ.வுக்கு இரண்டும் செல்லும். கணக்குப் பாடம் எடுக்காதவருக்குப் பொறியியல் கலந்தாய்வில் கெமிக்கல் கிடைக்காது; அவருக்குக் கேள்வியே இல்லை.

"ரெகுலர்ல பி.எஸ்சி. படிச்சுக்கிட்டே தபால் வழியில பி.காம். போடலாமா?"

போடலாம். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க யு.ஜி.சி. 2022 ஏப்ரலில் அனுமதி கொடுத்தது. ஒன்று நேரில், மற்றொன்று தொலைநிலை என்றால் வகுப்பு நேரம் இடிக்காது. தொலைநிலைப் படிப்புக்கு யு.ஜி.சி. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை மட்டும் சேருவதற்கு முன்பு பாருங்கள். மாற்றிச் செய்ய ஆசைப்படாதீர்கள்: வேதியியலை நேரிலும் பி.காமைத் தபாலிலும் படிக்க வேண்டும். ஆய்வகத்தைத் தபாலில் அனுப்ப முடியாது.

என் கருத்தைக் கேட்டால், பி.காம். முழுவதும் தேவையில்லை. இரட்டைப் பதிவு, இருப்புநிலைக் குறிப்பு வாசிப்பது, டேலியில் ஒரு பில் போடுவது: இவ்வளவை ஒரு கோடை விடுமுறையில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளலாம். ஆறாவது செமஸ்டரில் இரண்டு பரீட்சை அட்டவணையும் மோதி, இரண்டிலும் அரியர் வைத்துக்கொண்டு வந்து நின்ற ஜூனியர்களைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

"எம்.எஸ்சி. முடிச்சுட்டு எம்.பி.ஏ.வா, இல்ல நேரா எம்.பி.ஏ.வா?"

வேலை எந்தத் துறையில் வேண்டும் என்பதைப் பொறுத்தது. மருந்து, விவசாய வேதிப்பொருள் போன்றவற்றில் எம்.எஸ்சி. மதிப்புக் கூட்டும். உதாரணமாக, மொகாலியில் உள்ள நைப்பர் (தேசிய மருந்துக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்) மருந்துத் துறைக்கென்றே ஒரு எம்.பி.ஏ. நடத்துகிறது. எம்.எஸ்சி. வேதியியல் முடித்தவர் அதற்குப் போட்டியிடலாம், வெறும் பி.எஸ்சி. போதாது. சாயம், தோல், தண்ணீர் சுத்திகரிப்பு, பெயின்ட் பக்கம் என்றால் எம்.எஸ்சி. கட்டாயமில்லை.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது, யாரும் கேட்பதில்லை. நடுவில் இரண்டு வருடம் வேலை பார்ப்பது. எம்.பி.ஏ. வகுப்பில் "சப்ளை செயின்" என்று பேராசிரியர் சொன்னபோது, பாதிப் பேருக்கு அது ஒரு படம். எனக்கு அது, வெள்ளிக்கிழமை மாலை டேங்கர் வரவில்லை என்று ஷிஃப்ட் சூப்பர்வைசர் போனில் கத்தியது.

"கேட் எக்ஸாம்ல எல்லாம் இன்ஜினியரிங் பசங்கதான் வருவாங்களாமே? நமக்குக் கணக்கு வராதே?"

கேட் (CAT), அதாவது ஐ.ஐ.எம்.களின் எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் மூன்று பகுதி: மொழி, தரவு-தர்க்கம், கணக்கு, ஒவ்வொன்றுக்கும் 40 நிமிடம். கணக்குப் பகுதி பெரும்பாலும் பத்தாம் வகுப்புச் சரக்கு, வேகம்தான் சிக்கல். கலவை கணக்கு, விகிதம், செறிவு எல்லாம் நாம் டைட்ரேஷனில் தினமும் செய்தது. தவிர, வகுப்பில் எல்லாரும் ஒரே மாதிரி இருக்கக் கூடாது என்று சில ஐ.ஐ.எம்.கள் பொறியியல் அல்லாத பின்னணிக்குக் கூடுதல் புள்ளி தருகின்றன. பட்டப்படிப்பில் 50 சதவீதம் இருந்தால் எழுதலாம் (எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கு 45).

தமிழ்நாட்டுக்குள் போதும் என்றால் அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு இருக்கிறது. அதில் வரும் கல்லூரிகளின் தரம் மேலும் கீழுமாக இருக்கும். கல்லூரியின் கட்டடத்தைப் பார்க்காமல், போன வருடம் படித்த இரண்டு பேரைப் பிடித்துப் பேசுங்கள்.

"மூணு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சுட்டு எம்.பி.ஏ. போனா, படிச்சது வீணாப் போயிடாதா தம்பி?" (இதை எப்போதும் ஒரு அப்பாதான் கேட்பார்.)

எம்.பி.ஏ. முடித்து வங்கியில் கடன் அட்டை விற்கப் போனால் வீண்தான் ஐயா. கெமிக்கல் பக்கமே இருந்தால் வீணாகாது. நம் ஊர்ப் பக்கத்துக் கதையே சொல்கிறேன். தோலில் பூஞ்சை பிடிக்காமல் இருக்கப் பென்டாகுளோரோஃபீனால் போடுவது வழக்கமாக இருந்தது. 1989 டிசம்பரில் ஜெர்மனி அதைத் தடை செய்தது; தோலில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்றது. ஜெர்மனிக்குச் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் பதனிடும் ஆலைகளுக்கு அது பெரிய அடி. மாற்றுப் பொருளைக் கண்டுபிடிப்பதிலும் சோதனை செய்வதிலும் அடையாற்றில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் கைகொடுத்தது.

அது ஆறுவதற்குள் 1994-இல் அதே ஜெர்மனியில் சில அசோ சாயங்களுக்குத் தடை வந்தது. இந்தியாவும் 1997-இல் பல அசோ சாயங்களைத் தடுத்தது. எந்தச் சாயம் உடைந்தால் பென்சிடின் மாதிரி புற்றுநோய் உண்டாக்கும் அமீன் வரும் என்பதை மூலக்கூறு வரைபடத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாம். அப்படிச் சொல்லத் தெரிந்த பர்சேஸ் ஆபீசர், பட்டியல் வரும் முன்பே வேறு சாயத்துக்கு ஆர்டர் மாற்றியிருப்பார். தெரியாதவர், கன்டெய்னர் திரும்பி வந்ததும் தெரிந்துகொண்டிருப்பார்.

"வேலைன்னா சேல்ஸ் மட்டும்தானா? வெயில்ல பைக்ல சுத்தணுமா?"

ஆரம்பத்தில் சுற்றத்தான் வேண்டும். ஈரோட்டு வெயிலை நான் மறைக்கவில்லை. ஆனால் சேல்ஸ் ஒன்றுதான் என்றில்லை. பர்சேஸ் பக்கத்தை மேலே பார்த்தோம். ஏற்றுமதி-இறக்குமதியில் ஒவ்வொரு பொருளுக்கும் எச்.எஸ். குறியீடு (சுங்கத்துறைக்கான சரக்கு வகை எண்) சரியாகப் போட வேண்டும்: 28-ஆம் அத்தியாயம் கனிம வேதிப்பொருள், 29 கரிம வேதிப்பொருள், 32 சாயங்கள். ஒரே பொருள் தூய்மையாக இருந்தால் ஓர் அத்தியாயம், கலவையாகிவிட்டால் வேறு அத்தியாயம். தவறாகப் போட்டால் சரக்கு துறைமுகத்தில் நிற்கும், வாடகை ஓடும்.

அப்புறம் ஒழுங்குமுறை வேலை. ஐரோப்பாவின் 'ரீச்' சட்டப்படி, ஆண்டுக்கு ஒரு டன்னோ அதற்கு மேலோ அங்கே போகும் வேதிப்பொருளைப் பதிவு செய்தாக வேண்டும். அதற்கான கோப்பில் பாதி வேதியியல், பாதி "இந்தப் பதிவுச் செலவுக்கு இந்தச் சந்தை தாங்குமா" என்ற கணக்கு. காப்புரிமை அலுவலகங்களிலும் நம் ஆட்கள் இருக்கிறார்கள். சம்பளம் எவ்வளவு என்பதற்கு ஒரு எண் சொன்னால் பொய்யாகிவிடும். சேல்ஸில் நிலைச் சம்பளம், இன்சென்டிவ், பெட்ரோல் படி மூன்றையும் தனித்தனியாகக் கேட்டு வாங்குங்கள். மொத்தத் தொகையை மட்டும் சொல்லும் கம்பெனியிடம் இன்சென்டிவ் கணக்கை எழுத்தில் கேளுங்கள்.

"எங்க பொண்ணுக்கு இது சரிப்பட்டு வருமா?"

ஏன் வராது அம்மா? முந்தைய பதிலில் சொன்ன ஒழுங்குமுறை, பர்சேஸ், ஏற்றுமதி ஆவண வேலைகளில் பெண்கள் நிறைய. டெக்னிக்கல் சேல்ஸில் குறைவுதான். என் டீமில் சிறந்த விற்பனையாளர் ஒரு பெண். சாயப்பட்டறை மாஸ்டர்கள் முதல் நாள் அவரைக் கல்லூரி மாணவி என்று நினைத்தார்கள். சாயம் ஏன் பட்டை பட்டையாக ஏறுகிறது என்று அவர் தண்ணீர்க் கடினத்தன்மையைச் சோதித்துச் சொன்ன பிறகு அவருக்கு மட்டும்தான் போன் செய்கிறார்கள்.

"ஜெர்மனியில ஃபீஸே இல்லையாமே? அந்த விர்ட்ஷாஃப்ட்ஸ்கெமிக்கே போயிடவா?"

முதல் கேள்வியில் சொன்ன படிப்புதான். மியூன்ஸ்டர், கீல், டுஸ்ஸல்டார்ஃப் பல்கலைக்கழகங்கள் இதற்குப் பேர் போனவை. பெரும்பாலான மாநிலங்களில் அரசுப் பல்கலைக்கழகங்களுக்குக் கல்விக் கட்டணம் இல்லை என்பதும் உண்மை. பாடன்-வுர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் கட்டணம் இல்லை என்றால் செலவு இல்லை என்று அர்த்தமில்லை. விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டுமே பணம் எடுக்க முடியும் வங்கிக் கணக்கு) 2024 செப்டம்பர் முதல் ஆண்டுக்கு 11,904 யூரோ காட்ட வேண்டும். இந்திய மாணவர்களுக்கு ஏ.பி.எஸ். சான்றிதழும் (நம் மதிப்பெண் பட்டியல், பட்டம் எல்லாம் உண்மைதான் என்று சரிபார்த்துத் தருவது) கட்டாயம்.

பெரிய தடை மொழி. இந்தப் படிப்புகள் பெரும்பாலும் ஜெர்மன் மொழியில் நடப்பவை. கணக்குப்பதிவியலை ஜெர்மனில் எழுத வேண்டும் என்றால், 'எனக்குப் பி1 (இடைநிலை ஜெர்மன்) இருக்கிறது' என்பது போதாது. பிளஸ் டூ மட்டும் முடித்தவருக்கு இளநிலையில் நேரடி இடமும் பொதுவாகக் கிடைக்காது. இங்கே பி.எஸ்சி. முடித்து, கூடவே இரண்டு மூன்று வருடம் ஜெர்மன் படித்து, முதுநிலைக்கு விண்ணப்பிப்பதுதான் நடைமுறைக்கு ஒத்து வரும். உங்கள் பி.எஸ்சி.யில் எத்தனை கிரெடிட் வேதியியல் என்று வரிவரியாகப் பார்ப்பார்கள். கல்லூரியிலிருந்து பாடத்திட்டப் பிரதியை முத்திரையோடு இப்போதே வாங்கி வையுங்கள்.

"பிரிட்டன் கோர்ஸ்ல சிலது 'வித்'னு இருக்கு, சிலது 'அண்ட்'னு இருக்கு. என்ன வித்தியாசம்?"

நல்ல கண். பொதுவாக 'கெமிஸ்ட்ரி வித் மேனேஜ்மென்ட்' என்றால் வேதியியல் பெரும்பகுதி, மேலாண்மை தொட்டுக்கொள்ள. 'அண்ட்' என்றால் கிட்டத்தட்டப் பாதிப் பாதி. பின்னால் எம்.எஸ்சி. வேதியியலோ ஆராய்ச்சியோ செய்யும் எண்ணம் இருந்தால் 'வித்' பாதுகாப்பு. பாதிப் பாதிப் படிப்பில் ஆய்வக நேரம் குறைந்து, பிறகு ஆராய்ச்சிக்குப் போகும்போது இடிக்கலாம்.

"இன்டர்வியூல கேட்டாங்க: காஸ்டிக் சோடாவுக்கு நல்ல கிராக்கி இருக்கும்போதே கம்பெனி உற்பத்தியைக் குறைக்குது, ஏன்? நான் முழிச்சேன்."

எனக்குப் பிடித்த கேள்வி. காஸ்டிக் சோடா உப்புக் கரைசலை மின்பகுத்து வருவது. 80 கிலோ காஸ்டிக் வந்தால் கூடவே 71 கிலோ குளோரினும் 2 கிலோ ஹைட்ரஜனும் வரும். வேண்டாம் என்றாலும் வரும். குளோரின் நச்சு வாயு. குடோனில் அடுக்கி வைத்துவிட்டு விலை ஏறட்டும் என்று காத்திருக்க முடியாது. அதை வாங்கும் ஆலைகள் படுத்துவிட்டால், குளோரினை எடுத்துப் போக வாங்குபவருக்கே காசு கொடுக்கும் நிலை வரும். இந்தியாவில் அப்படி நடந்திருக்கிறது. அப்போது காஸ்டிக் வேண்டும் என்று வாடிக்கையாளர் வாசலில் நின்றாலும் ஆலை வேகத்தைக் குறைத்துத்தான் ஆக வேண்டும். பொருளாதாரப் புத்தகத்தின் தேவை-அளிப்புக் கோடு மட்டும் தெரிந்தவர் இதில் முழிப்பார்; சமன்பாட்டின் வலது பக்கத்தைப் பார்த்தவர் சொல்லிவிடுவார்.

அதே காஸ்டிக்கில் நான் முழித்த கதையும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒரு வாடிக்கையாளர் போனில் "ரேட் நூறு பர்சென்ட் பேசிஸ்தானே?" என்றார். கரைசலில் இருக்கும் காஸ்டிக்கின் எடைக்கு மட்டும்தானே விலை என்று அவர் கேட்டார்; நான் ஏதோ தர உத்தரவாதம் கேட்கிறார் என்று நினைத்து "ஆமாங்க, நூறு சதவீதம்" என்றேன். நான் சொன்ன விலையோ 48 சதவீத லையின் (தண்ணீரில் கரைத்த காஸ்டிக்கின்) விலை. அதாவது 20 டன் டேங்கரில் 9.6 டன்தான் காஸ்டிக், மீதி 10.4 டன் தண்ணீர். அந்த விலையை நூறு சதவீதக் கணக்கில் பில் போட்டால் வரவேண்டிய பணத்தில் பாதிகூட வராது. மேனேஜர் ஆர்டரை உறுதி செய்யும் முன்பு பிடித்துவிட்டார். அன்று வாங்கிய திட்டை இங்கே எழுத முடியாது.

"படிச்சு முடிச்சு சொந்தமா தொழில் ஆரம்பிக்கலாமா?"

வேதியியல்காரர்கள் தொழில் தொடங்கியதற்கு நம் நாட்டிலேயே மூத்த உதாரணம் உண்டு. கல்கத்தாவில் வேதியியல் பேராசிரியராக இருந்த பிரஃபுல்ல சந்திர ராய் 1892-இல் சுமார் 700 ரூபாய் முதலீட்டில் தொடங்கியதுதான் பெங்கால் கெமிக்கல்ஸ். 1901-இல் அது கம்பெனியாகப் பதிவானது. சிப்லாவைத் தொடங்கிய க்வாஜா அப்துல் ஹமீதும் வேதியியலர்தான். கேம்பிரிட்ஜில் வேதியியல் படித்த அவர் மகன் யூசுஃப் ஹமீது, 2001-இல் எய்ட்ஸ் கூட்டு மருந்தை நோயாளி ஒருவருக்கு ஆண்டுக்கு 350 டாலர் என்று அறிவித்து உலக விலையையே புரட்டினார்.

ஆனால் நேற்று பட்டம் வாங்கியவர் நாளைக்கு ஆலை கட்ட வேண்டாம். தயாரிப்பு என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவு, தீயணைப்புத் துறை, தொழிற்சாலை உரிமம் என்று வரிசை நீளும். டிரேடிங் எளிது போலத் தெரியும். அங்கே கொல்வது கடன். தொண்ணூறு நாள் கடனுக்குச் சரக்கு போட்டுவிட்டு, பணம் வருவதற்குள் நமக்குச் சரக்கு கொடுத்தவர் வாசலில் நிற்பார். நான் இன்னும் சம்பளத்துக்குத்தான் இருக்கிறேன், காரணம் இதுதான்.

"இப்ப செகண்ட் இயர் பி.எஸ்சி. இன்னிக்கே செய்யற மாதிரி ஏதாவது சொல்லுங்களேன்."

ஆய்வகத்தில் இருக்கும் ஒரு பாட்டிலை எடுத்து, அதன் பாதுகாப்புத் தரவுத் தாளை இணையத்தில் தேடிப் படி. 16 பகுதிகள் இருக்கும். கல்லூரியில் அதை யாரும் சொல்லித் தரவில்லை என்றாலும், வேலைக்குப் போன முதல் நாளே கையில் கொடுப்பார்கள். அடுத்து, செய்முறைத் தேர்வில் தயாரிக்கும் ஆஸ்பிரினுக்கு ஒரு விலைக் கணக்கு போட்டுப் பார். மூலப்பொருள் கிலோ என்ன விலை, உன் யீல்டு எவ்வளவு, வடிதாளும் ஐஸும் சேர்த்து ஒரு கிராமுக்கு என்ன ஆகிறது? மூன்று படி வினையில் ஒவ்வொரு படிக்கும் 80 சதவீதம் கிடைத்தால் கடைசியில் கையில் நிற்பது 51 சதவீதம்தான் என்பதையும் அதே நோட்டில் எழுதி வை.

போன வருடம் இதைச் செய்து பார்த்த ஒரு தம்பி, "அண்ணா, மெடிக்கல் ஷாப்ல வாங்கினாலே மலிவு" என்று போன் செய்தான். ஏன் என்று இரண்டு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.